பத்து என்று மட்டும் எழுதியிருந்த சீட்டு

குளுவாங் ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை நிறுத்துப் போட்டுக்கொண்டிருந்த அமலநாதனைப் பலருக்குத் தெரியும். வெள்ளைச் சட்டை, காதில் பென்சில், யார் அவசரப்படுத்தினாலும் தராசு முள் அசைவது நிற்கும் வரை பேசமாட்டார். போன வருஷம் தவக்காலத்தில் காய்ச்சல் கண்டு ஒன்பது நாளில் சர்வேசுரன் பாதம் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பதினாறு வருஷம் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தவர் என்பது தெரியாது. தெரிந்த மீதிப் பேரும் ஏன் அந்த வேலை போனது என்று தப்பாகத்தான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். நான் அவர் மனைவி. நாலாம் வகுப்போடு நின்றவள். எனக்கு வந்த தமிழில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், குளுவாங்கிலிருந்து ஆறு கல். ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தகரக் கூரை போட்ட நீளக் கட்டடம். ஒரு பக்கம் பன்னிரண்டு கட்டில், மறுபக்கம் மருந்து அறை. வியாழக்கிழமை தோறும் குளுவாங்கிலிருந்து டாக்டர் காரில் வருவார். நாலு தோட்டத்துக்கும் அவர் ஒருவர்தான். வந்தால் ஒரு மணி நேரம். சீட்டு எழுதிப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மீதி ஆறு நாளும் என் வீட்டுக்காரர்தான் மருந்து கலக்குவதும் கொடுப்பதும்.

சீட்டு கைக்கு வந்ததும் உடனே புட்டியை எடுக்கமாட்டார். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து முணுமுணுப்பார். யாருக்கு, என்ன மருந்து, எவ்வளவு, எந்த நேரம், யார் கையெழுத்து. ஒன்று குறைந்தாலும் சீட்டை மடித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். இருமல் மருந்துக்கும் அப்படித்தான். "கம்பவுண்டர் ஜெபம் சொல்லி முடிக்கிறதுக்குள்ள இருமலே நின்னுடும்" என்று கூலி லயத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் சீட்டைத் திருப்புவதை மட்டும் விடவில்லை. வீட்டிலும் அதே கதைதான். பூசைக்கு நான் காணிக்கை அனுப்பினால், "யாருக்காக, எந்தத் தேதின்னு எழுதினியா? சாமியார் என்ன ஜோசியமா பாக்குறாரு?" என்று கேட்பார்.

பெரிய கிராணி லெட்சுமணன் தோட்டத்து ஆபீசுக்கே தலைவர். துரைக்கு அடுத்தபடி அவர் பேச்சுதான் எடுபடும். அவருக்கு ஒரே மகள், சந்திரமதி. பதினேழு வயது. ஜொகூர் பாருவில் கன்னியர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பெண் திடீரென்று ஈர்க்குச்சியாக இளைத்துப் போனாள். குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் காட்டியதில் சக்கரை வியாதி என்றார்கள். வயசானவர்களுக்கு வருகிற வியாதி பிள்ளைக்கு எப்படி வரும் என்று லயமெல்லாம் பேச்சு. இன்சுலின் என்ற ஊசி மருந்து போட்டால்தான் உயிர் தங்கும், காலையும் மாலையும் தினம் போட வேண்டும், ஆயுசு முழுக்க என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்து சிங்கப்பூர்க் கடையிலிருந்து ரயிலில் வரும். ஊசி போடுவது என் வீட்டுக்காரர் பொறுப்பு.

அந்த மருந்தை ஈரச் சாக்கு சுற்றிய மண்பானைக்குள் மணலில் புதைத்து வைத்திருப்பார். பூசைப் பாத்திரத்தைத் தொடுகிற மாதிரித் தொடுவார். ஒருநாள் என்னிடம் சொன்னார். "கத்தரின், மத்த மருந்து கொஞ்சம் கூடினா வயித்தால போகும், தலை சுத்தும். இது கூடினா ஆளே போயிடும். குறைஞ்சாலும் போயிடும். நடுவுல ஒரு கோட்டுலதான் அந்தப் பிள்ளை நிக்குது."

கோடு என்று அவர் சொன்னது ஊசிக் குழாயில் இருக்கும் கோடு. அதை இங்கே விளக்காமல் மேலே போக முடியாது. குழாயில் இருபது கோடு போட்டிருக்கும். டாக்டர்கள் இன்சுலினை யூனிட் என்று கணக்கிடுவார்கள். முதலில் வந்துகொண்டிருந்த மருந்தில் ஒரு கோடு என்றால் ஒரு யூனிட். இருபது யூனிட் போடு என்றால் குழாய் நிறைய ஏற்றினால் சரி. பிறகு டபுள் மருந்து என்று ஒன்று வந்தது. அதே அளவுப் புட்டி, அதே ரப்பர் மூடி. உள்ளே சத்து மட்டும் இரண்டு மடங்கு. அதில் ஒரு கோடு இரண்டு யூனிட் ஆகிவிடும். அதனால் சீட்டில் எந்த மருந்து, யூனிட்டா கோடா என்று இரண்டும் இருக்க வேண்டும்.

1933ஆம் வருஷம். ரப்பர் விலை விழுந்து தோட்டம் தோட்டமாக ஆள் குறைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தே இரண்டு தடவை ஆட்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். யாரைக் கண்டாலும் "உன் பேர் லிஸ்டில் இருக்கா?" என்பதுதான் பேச்சு. என் தம்பி ரபேல் ஆபீசில் பெரிய கிராணிக்குக் கீழே எடுபிடிக் கிராணி. எங்கள் அம்மா இறந்தபோது அவனுக்கு ஐந்து வயது. என் கல்யாணத்துக்குப் பிறகும் எங்களோடுதான் வளர்ந்தான். அந்த வேலையையும் என் வீட்டுக்காரர்தான் பெரிய கிராணியிடம் நாலு தடவை நடந்து கேட்டு வாங்கிக் கொடுத்தார். சம்பளம் வாங்க ஆரம்பித்தும் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். "அக்கா கையால சாப்பிடலைன்னா எனக்குக் கணக்கு கூட்ட வராது" என்பான். வாய் அப்படி.

அந்த வாரம் சந்திரமதிக்கு இரண்டு தரம் கை நடுங்கி வேர்த்தது. மருந்து கூடினால் அப்படி வரும். வியாழக்கிழமை டாக்டர் வந்து ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் என் வீட்டுக்காரர் மறுபக்கம் இருந்தார். பால் மரத்துக் கத்தியில் காலை வெட்டிக்கொண்டு வந்த ஒருவனுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வருவதற்குள் டாக்டர் கார் போய்விட்டது. மேசை மேல் ஒரு புதுப் புட்டி. டாக்டரே ஸ்டேஷனில் வாங்கிக்கொண்டு வந்து வைத்திருக்கிறார். லேபிளைப் பார்த்தால் டபுள் மருந்து. பக்கத்தில் சீட்டு. சந்திரமதி பெயர், இன்சுலின், காலை மாலை சாப்பாட்டுக்கு முன், கையெழுத்து, எல்லாம் இருந்தது. அளவு இருக்க வேண்டிய இடத்தில் பத்து என்று மட்டும் இருந்தது.

அது வரைக்கும் இருபது யூனிட் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு நடுக்கம் கண்டதால் பாதியாகக் குறைத்துப் பத்து யூனிட் என்றாரா? அல்லது மருந்து டபுள் என்று தெரிந்தே பத்துக் கோடு என்றாரா? பத்துக் கோடு என்றால் பழைய இருபது யூனிட்டே ஆகிவிடும். இரண்டில் எது என்று அந்த ஒற்றைப் பத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

பழைய புட்டியில் வியாழன் மாலைக்கும் வெள்ளி காலைக்கும் மருந்து இருந்தது. அதைக் கொஞ்சம் குறைத்தே போட்டார். வெள்ளிக்கிழமை காலை பெரிய கிராணியே மருந்து அறை வாசலில் வந்து நின்றார். நான் கட்டில் விரிப்புகளை வாங்கப் போயிருந்தேன். அதைத் துவைத்துக் கொடுப்பது என் வேலை.

"என்னா கம்பவுண்டரே, திரும்பவும் சீட்டுல நொட்டையா?"

"அளவு முழுசா இல்லீங்க. யூனிட்டான்னு போடல, கோடான்னும் போடல."

"பத்துன்னா பத்துதானே? பதினொண்ணா?"

"எந்தப் பத்துன்னு தெரியணுமில்லீங்களா. ஒண்ணு மத்ததுல பாதி."

"பெத்த தகப்பன் நான் நிக்கிறேன். எனக்கு இல்லாத பயம் உமக்கு என்னய்யா?"

என் வீட்டுக்காரர் சீட்டை மடித்துக்கொண்டே, "உங்க பயமும் சேர்த்துத்தான் நான் படுறேன்" என்றார். பெரிய கிராணி தலையைச் சொறிந்துகொண்டு, "எப்பப் பாரு சூசாதான் இந்தாளோட" என்று, தொல்லை என்பதை மலாயில் சொல்லி அலுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

ரபேல் தினமும் தபால் பையோடு சைக்கிளில் குளுவாங் போவான். அவனிடம் சீட்டைக் கொடுத்து, "டாக்டர் கையால எழுதி வாங்கிட்டு வா. வாயால சொன்னாருன்னு வந்து சொல்லாத. சாயந்திரம் அஞ்சு மணிக்கு ஊசி" என்று சொல்லி அனுப்பினார். அவன் ஆபீஸ் வாசலில் பெரிய கிராணியோடு நின்று பேசியதை நான் துணி உலர்த்துகிற இடத்திலிருந்து பார்த்தேன். பெரிய கிராணி கையை உதறி உதறி ஏதோ சொன்னார். இவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான் கண்டேன்.

மத்தியானம் வேர்க்க விறுவிறுக்க வீட்டுக்கு வந்தான். கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். எப்போதும் இரண்டு தரம் சோறு கேட்பவன் அன்றைக்கு ஒரு தரத்தோடு கை கழுவினான்.

"அக்கா, அத்தான் பேனாவும் மையும் எங்க? ஆபீசு காயிதம் ஒண்ணு முடிக்காம இருக்கு."

"ஆபீசுல மை இல்லையாடா?"

"இங்க உக்காந்தா அமைதியா எழுதலாம்லக்கா."

மேசையைத் துடைத்துப் பேனாவையும் மைக்கூட்டையும் எடுத்து வைத்தேன். அவர் லேபிள் எழுதுகிற கறுப்பு மை. இடது கையை வளைத்து மறைத்த மாதிரி வைத்துக்கொண்டு என்னவோ இரண்டு வரி எழுதினான். ஊதினான். சின்னப் பிள்ளையில் சிலேட்டில் எழுதும்போதும் அப்படித்தான் கை வளைப்பான் என்பதால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குச் சீட்டு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. பத்துக்குப் பக்கத்தில் கோடு, டபுள் மருந்து என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே டாக்டருடைய சின்னக் கையெழுத்து. ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

"எழுத்து கொஞ்சம் கோணலா இருக்கே, ரபேலு. டாக்டர்தானே எழுதினாரு?"

"ஆமா அத்தான். கிளம்பிட்டாரு. கார்லயே முழங்கால்ல வச்சு எழுதிக் குடுத்தாரு."

இதைப் பிறகு அவர் என்னிடம் பலமுறை சொல்லிச் சொல்லிப் பார்த்தார். "முழங்கால்ல வச்சுன்னு சொன்னான் கத்தரின். அந்த முழங்காலை எங்கேர்ந்து கொண்டுவந்தான்?"

சீட்டில் இப்போது ஒரு குறையும் இல்லை. யாருக்கு, என்ன, எவ்வளவு, எப்போது, யார் சொன்னது, எல்லாம் இருந்தது. ஐந்து மணிக்குப் பத்துக் கோடு ஏற்றி ஊசி போட்டார். சந்திரமதி அன்று வெள்ளிக்கிழமை விரதமென்று காலையிலிருந்தே அரைகுறைச் சாப்பாடு. சாயந்திரமும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் பெரிய கிராணி வீட்டு வேலைக்காரி அங்கம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தாள். பிள்ளை வேர்த்து ஊற்றிக் கீழே விழுந்துவிட்டது, கூப்பிட்டால் பேச்சு இல்லை என்றாள். அவர் சீனிக் கரைசல் புட்டியை எடுத்துக்கொண்டு செருப்பு போடாமல் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். பிள்ளையின் தலையை மடியில் சாய்த்து, கன்னத்துக்குள் சொட்டுச் சொட்டாக விட்டுத் தடவினார். நான் சுவரோடு சாய்ந்து அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தேன், எத்தனை என்று எண்ணவில்லை. ஐம்பது அறுபது சொட்டுப் போயிருக்கும். சந்திரமதி முகத்தைச் சுளித்தாள். பிறகு, "என்ன இது, இனிக்குது" என்றாள். பெரிய கிராணி என் வீட்டுக்காரர் காலையே பிடித்துக்கொண்டார். "ஐயா, நீர்தானய்யா காப்பாத்தினீரு" என்று அழுதார். அன்றைக்கு அவர் அழுதது பொய்யழுகை இல்லை. அதை இப்போதும் சொல்வேன்.

மறுநாள் காலை ஆள் அனுப்பியதில் டாக்டர் வந்தார். சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், "பத்து நான் எழுதியது. மற்றது நான் எழுதவில்லை. பத்து என்றால் பத்து யூனிட் என்று யாருக்கும் தெரியுமே" என்றார்.

யாருக்கும் தெரியுமாம்.

திங்கட்கிழமை துரை ஆபீசில் விசாரணை. புது துரை, சீமையிலிருந்து வந்து மூன்று மாதம். என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து சொன்னதை எழுதுகிறேன். துரை ரபேலைக் கேட்டிருக்கிறார். அவன், "குளுவாங் போனேன். டாக்டர் வேற தோட்டத்துக்குப் போயிட்டாரு. சீட்டை வாங்கினபடியே கொண்டுவந்து கம்பவுண்டர்கிட்ட குடுத்துட்டேன்" என்றான். அத்தான் என்று கூடச் சொல்லவில்லை, கம்பவுண்டர். பெரிய கிராணி எழுந்து, "ஆபீஸ் மை நீலம், சீட்டில் சேர்த்து எழுதியது கறுப்பு, கறுப்பு மை கம்பவுண்டரிடம்தான் இருக்கிறது" என்று எடுத்துக் காட்டினார். துரை என் வீட்டுக்காரரைப் பார்த்து, நீ எழுதினாயா என்று கேட்டார். இல்லை என்றார். அப்படியானால் யார் என்று கேட்டார். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டேன். எனக்கு அடுப்பு, சோறு எதுவும் ஞாபகத்தில் இல்லை.

"அவன் எனக்கு மூணடி தள்ளித்தான் நின்னான் கத்தரின். சொல்லிடுவான், இப்போ சொல்லிடுவான்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அவன் தரையைப் பார்த்தான். அதுக்குள்ள துரை பேப்பரை மூடிட்டாரு."

அப்போதுதான் நான் பேனா கேட்டதைச் சொன்னேன், மேசை துடைத்துக் கொடுத்ததைச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார். "பெரிய கிராணி தினம் அவன் எழுதுற செக்ரோல் ஆள் கணக்கைப் பார்க்கிறவரு. அந்த எழுத்து அவருக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை. ஆபீஸ் வாசலில் கையை உதறிப் பேசியது எனக்கு நினைவு வந்தது. டாக்டர் இல்லாவிட்டால் நீயே எழுதிக் கொண்டுவா என்று அவர்தான் சொல்லியிருக்க வேண்டும். லிஸ்டில் பேர் வருமோ என்று நடுங்கிக்கொண்டிருந்த பையனுக்கு அது போதும்.

"செக்ரோலையும் சீட்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்கன்னு துரைகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"சொல்லலாம். கள்ளக் கையெழுத்துன்னா ஜொகூர் பாரு ஜெயில். உன் தம்பி. என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

அரிசி கொதித்து வழிந்து அடுப்பு அணைந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் செய்த பாவசங்கீர்த்தனங்களுக்குக் கணக்கு இல்லை.

மறுநாள் விடிந்ததும் மனசு தெளிந்துவிட்டது. ஜெயிலோ எதுவோ, உண்மை உண்மைதான். அவரிடம் சொல்லாமல் துரை பங்களாவுக்குப் போனேன். துரைக்குத் தமிழ் தெரியும் என்றே நினைத்திருந்தேன். காலைப் பெரட்டில் பேர் கொடுக்க நிற்கிற ஆட்களைப் பார்த்துத் தினமும் "நல்லா இருக்கியா?" என்று கேட்பார். முனிஷி வைத்துப் படிக்கிறார் என்றும் கேள்வி. அவருக்குப் புரிய வேண்டுமென்று சின்னச் சின்ன வாக்கியமாக வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

துரை வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய கிராணி, கையில் பேப்பர்க் கட்டோடு. ஆனாலும் படியேறிப் போனேன்.

"துரை, நான் கம்பவுண்டர் சம்சாரம். என் புருஷன் எழுதல. என் தம்பி எழுதினான். நான்தான் பேனா குடுத்தேன். எங்க வீட்டு மேசையில உக்காந்து எழுதினான்."

துரை சிரித்த முகத்தோடு பெரிய கிராணியைப் பார்த்தார். அவருக்கு ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

"சொல்லும்மா, நான் சொல்றேன் துரைக்கு" என்றார் பெரிய கிராணி.

வேறு வழி இல்லை. அவருக்கு எதிராகவும் சொல்ல வேண்டியதை அவர் வாய் வழியாகவே சொன்னேன். செக்ரோலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். தேவமாதா மேல் ஆணை என்றேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அழக்கூடாது என்று நினைத்துக்கொண்டே போனவள் அழுதேன். பத்து நிமிஷம் பேசியிருப்பேன்.

பெரிய கிராணி இங்கிலீஷில் இரண்டே வாக்கியம் சொன்னார். அதில் ஹஸ்பெண்ட் என்று வந்தது. பார்டன் என்று வந்தது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் கன்னியர்கள் வாயில் தினமும் பார்டன், பார்டன்தான். அது மன்னிப்பு என்று எனக்குத் தெரியும்.

"ஐயோ, அது இல்ல துரை! மன்னிப்பு இல்ல! நான் மன்னிப்பு கேக்க வரல!"

துரையின் முகம் இளகிப் போயிருந்தது. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "சரி, சரி. நல்லா. போ, போ" என்றார். நான் மறுபடி மறுபடி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். அழுகிறவள் வேறு எப்படித் தலையை ஆட்டுவாள் என்று அவர் நினைத்திருப்பார். பெரிய கிராணி படிவரை கூடவே வந்தார்.

"எனக்கு ஒரே பொண்ணும்மா. நான் சொல்லித்தான் எழுதினான்னு வெளிய வந்தா அவ என் முகத்துல முழிப்பாளா? உன் தம்பிக்கும் ஜெயில் வேணாம். உங்களுக்குப் போலீசு இல்லாம பண்ணித் தர்றேன், போ" என்றார். குரலில் கோபமே இல்லை. நல்லது செய்கிறவர் மாதிரியே சொன்னார்.

புதன்கிழமை காயிதம் வந்தது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்றபடியே இங்கிலீஷில் படித்து எனக்குத் தமிழில் சொன்னார். "டாக்டர் சீட்டில் தானாகவே எழுதிச் சேர்த்த குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறாய். உன் மனைவி நேரில் வந்து..." அங்கே நிறுத்தினார். கண் மட்டும் கீழே வரிவரியாகப் போனது. பிறகு படித்தார். "உன் மனைவி நேரில் வந்து உன் குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டதால் போலீசுக்கு அனுப்பவில்லை."

"நீ பங்களாவுக்குப் போனியா?"

"போனேங்க."

"என்ன சொன்ன?"

சொன்னேன். முதலிலிருந்து, ஒரு வார்த்தை விடாமல். அவர் கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். காயிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி" என்றார்.

என்னை நம்பித்தான் அந்தச் சரியைச் சொன்னாரா, அல்லது போகட்டும் என்று சொன்னாரா? பிறகு நாலு வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம், ஒரே பெஞ்சில் பூசை கண்டோம். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எனக்குக் கேட்கத் தைரியம் வரவில்லை. சந்திரமதியை மட்டும் விசாரிப்பார். கூட்ஸ் ஷெட்டுக்குத் தோட்டத்து ஆள் யாராவது வந்தால், "கிராணி மகள் எப்படி இருக்கு? இப்ப யார் ஊசி போடுறா? சீட்டைப் பாத்துப் போடுறாங்களா?" என்பார். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கிறது. அதற்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது.

நாங்கள் தோட்டத்தை விட்டது சனிக்கிழமை. மாட்டு வண்டியில் சாமான் ஏற்றினோம். லயத்து ஆட்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். கிராணி பிள்ளைக்கு மருந்தை மாற்றிப் போட்டவன் என்று பெயர் பரவிவிட்டது. பதினாறு வருஷம் அவர் கையால் மருந்து குடித்தவர்கள்தான், வண்டிக் கிட்டே ஒருவரும் வரவில்லை.

ரபேல் வந்தான். கண் சிவந்திருந்தது. யாரும் கூப்பிடாமலே கட்டில் கால்களைத் தூக்கி ஏற்றினான். கயிற்றைச் சுற்றிப் போட்டு வண்டிச் சக்கரத்தில் காலை ஊன்றி இழுத்துக் கட்டினான். "குளுவாங்ல வீடு கிடைக்கற வரைக்கும் பானை சட்டியெல்லாம் பிரிக்காதக்கா, உடைஞ்சிடும்" என்று சொல்லும்போதே அழுதுவிட்டான். அவர் மாதா சுரூபத்தைத் துணியில் சுற்றி எடுத்துவர உள்ளே போயிருந்தார். வண்டிக்காரன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தான். வண்டி மறைவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

அவன் கையைப் பிடித்தேன். கயிறு இழுத்ததில் உள்ளங்கை சூடாக இருந்தது.

"ரபேலு, இங்க யாரும் இல்லடா. துரைகிட்ட சொல்ல வேணாம். ஜெயிலுக்குப் போக வேணாம். எனக்கு மட்டும் ஒரு தடவை சொல்லு. நான் பாத்தது நிசந்தானேன்னு எனக்குத் தெரியணும். அத்தான்கிட்ட கூடச் சொல்லமாட்டேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். என்னை நேராகப் பார்த்தான். அம்மா செத்த அன்றைக்கு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பார்த்த அதே முகம்.

"எதைக்கா?" என்றான்.

அவர் சுரூபத்தோடு வெளியே வந்தார். நான் கையை விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன்.